பயிற்சியாளர் மட்டுமா பொறுப்பு?

2025 நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் நடைபெற்ற ஆட்டத்தில் இந்தியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 0-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. 22 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அண்டை நாட்டிடம் இந்தியா அடைந்த முதல் தோல்வி அது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு, அக்டோபர் 14-ஆம் தேதி, கோவாவில் சொந்த ரசிகர்களின் முன்னிலையில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றபோதே 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு பறிபோய்விட்டது. ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் ஆகிய மூன்றும் இடம்பெற்ற பிரிவில், முதல் நான்கு ஆட்டங்களில் இந்தியா ஈட்டியது வெறும் 2 புள்ளிகள். ஜப்பானிடமோ தென் கொரியாவிடமோ தோற்று வெளியேறியிருந்தால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர் என்ற சிறு தீவு நாட்டின் முன்னால் 140 கோடி மக்களின் அணி மண்டியிட்டதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

உலகத் தரவரிசையில் 2023 ஜூலையில் 99-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142-ஆவது இடத்துக்குச் சரிந்தது. இடைப்பட்ட 2024-ஆம் ஆண்டில் 11 சர்வதேச ஆட்டங்களில் ஒன்றில்கூட இந்தியா வெல்லவில்லை. ஆறு தோல்வி, ஐந்து சமநிலை. குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றதும் அந்த ஆண்டில்தான்.

இத்தகைய சரிவு ஏற்படும்போதெல்லாம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்குக் கைவந்த ஒரே மருந்து பயிற்சியாளரை மாற்றுவது. குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஸ்பெயினின் மனோலோ மார்க்வெஸ் அடுத்த மாதமே நியமிக்கப்பட்டு, எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியுடன் 2025 ஜூலையில் விடைபெற்றார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். 14 மாதங்களில் மூன்று பயிற்சியாளர்கள். ஆனால், இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள், இவர்களுடன் ஒப்பந்தம் செய்தவர்கள், இவர்களுக்குப் போதிய பயிற்சி நாட்களை ஒதுக்கத் தவறியவர்கள் யாரும் பதவி இழக்கவில்லை. இந்தியக் கால்பந்தின் நோய் எங்கே இருக்கிறது என்பதை அறிய இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பயிற்சி என்பது மைதானத்தில் விசில் ஊதும் ஒருவரின் திறமை மட்டுமல்ல. வீரர்கள் எத்தனை நாட்கள் ஒன்றாக இருக்கிறார்கள், ஆண்டுக்கு எத்தனை தரமான ஆட்டங்களில் ஆடுகிறார்கள், பதின்பருவத்தில் யாரிடம் என்ன கற்றார்கள் என்பவற்றின் கூட்டுத்தொகையே பயிற்சி. இவற்றில் எதையும் அணியின் பயிற்சியாளர் தீர்மானிப்பதில்லை. தீர்மானிக்க வேண்டியது நிர்வாகம்.

இந்த உண்மையை இந்தியா அறியாத நாடல்ல. 1951-இல் தில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கங்களையும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடத்தையும் பெற்றுத் தந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலராகவும் அவரே இருந்தார். பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. பந்தை வைத்துக்கொண்டு ஓடாமல் சக வீரருக்குத் தட்டிக்கொடுத்தே ஆட வேண்டும் என்று மற்றொரு போட்டி. இப்படி இளைஞர்களுக்காக அவர் நடத்திய போட்டிகளின் பலனைத்தான் பின்னர் ஐதராபாத் அணிகளும் அவற்றின் வழியே இந்திய அணியும் அறுவடை செய்தன. பயிற்சி இன்னது என்று தெரிந்தவர் கையில் நிர்வாகமும் இருந்தது. ஆகவே பயிற்சிக்கு என்ன தேவையோ அதை நிர்வாகம் செய்தது. 1963-இல் ரஹீம் மறைந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் என்று அவர் காலத்து ஈரம் சில ஆண்டுகள் நீடித்தது. அதன் பிறகு வறட்சிதான்.

பழங்கதை எதற்கு என்பவர்களுக்கு அண்மைக்கால உதாரணமே உண்டு. 2023 மே மாத நடுவில் புவனேசுவரத்தில் தொடங்கிய பயிற்சி முகாமிலிருந்து ஜூலை 4-ஆம் தேதி வரை இந்திய அணி ஏறத்தாழ 50 நாட்கள் ஒன்றாக இருந்தது. லெபனானை வென்று கண்டங்களுக்கு இடையேயான கோப்பையையும், குவைத்தை வென்று பெங்களூருவில் தெற்காசியக் கோப்பையையும் அந்த அணி கைப்பற்றியது. தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வந்தது அப்போதுதான். அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே வீரர்கள். கூடுதலாகக் கிடைத்தது அவகாசம் ஒன்றுதான்.

அடுத்த இரண்டே மாதங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஹாங்சௌ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் ஆட்டம் 2023 செப்டம்பர் 19-ஆம் தேதி. போட்டியை நடத்தும் சீனாவே எதிரணி. இந்திய வீரர்கள் சீன மண்ணில் கால் வைத்தது செப்டம்பர் 18-ஆம் தேதி மாலையில். முறையான ஒரு பயிற்சிகூட இல்லாமல் மறுநாள் களமிறங்கிய அணி 1-5 என்று தோற்றது. இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் செப்டம்பர் 21-ஆம் தேதி தொடங்க இருந்ததால், முன்னணி வீரர்களை அனுப்ப கிளப்புகள் தயங்கின. கடைசி நேரத்தில்தான் ஓர் அணி ஒட்டுப்போட்டுத் தயாரிக்கப்பட்டது. ஆசிய விளையாட்டு எப்போது என்பது ஊரறிந்த செய்தி. லீக் அட்டவணைக்கு ஒப்புதல் தருவதும் சம்மேளனம்தான். ஆசிய விளையாட்டுக்கு அணியை அனுப்புவதும் அதே சம்மேளனம்தான். இரண்டு தேதிகளையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்க அங்கே ஆளில்லை என்றால், அதற்குப் பயிற்சியாளர் எப்படிப் பொறுப்பாவார்?

2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைக்கு முன்பாகவும் நீண்ட முகாம் வேண்டும் என்று ஸ்டிமாச் கேட்டார். கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் இந்தியா திரும்பியது.

ஸ்டிமாச் குற்றமற்றவர் என்பதல்ல வாதம். அணித் தேர்வு குறித்து ஜோதிடர் ஒருவரிடம் அவர் ஆலோசனை கேட்டதாக 2023 செப்டம்பரில் வெளியான செய்தி நாட்டைத் தலைகுனிய வைத்தது. அந்த ஜோதிடரை அறிமுகம் செய்தவர் சம்மேளனத்தின் அன்றைய பொறுப்பாளர் ஒருவரே என்றும் அச்செய்தி கூறியது. இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த மாதமே அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. எட்டு மாதங்களில் அவரை நீக்கியபோது ஒப்பந்தத்தின் ஓட்டைகள் வெளிப்பட்டன. இறுதியில் 4 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. அந்தத் தொகையில் எத்தனை மாவட்டங்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கலாம்?

அவருக்குப் பின் வந்த மார்க்வெஸ், 2024-25 பருவம் முழுவதும் கோவா கிளப்பின் பயிற்சியாளராகவும் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் பணியாற்ற அனுமதிக்கப்பட்டார். நாட்டின் அணியை ஓய்வு நேர வேலையாகக் கருதலாம் என்று சம்மேளனமே முத்திரை குத்திக் கொடுத்தது போன்றது இது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு முழுநேரப் பொறுப்புக்கு வந்த இந்தியரான காலித் ஜமீலுக்கும் நிலைமை மாறிவிடவில்லை. 2025 ஆகஸ்டில் அவர் அழைத்த முதல் முகாமுக்கே வீரர்கள் முழுமையாக வந்து சேரவில்லை. அப்படியிருந்தும் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை வென்று, ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றது அந்த அணி. திறமை அறவே வற்றிவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

வீரர்கள் கிளப்புகளின் சம்பளக்காரர்கள், அவர்களை வற்புறுத்த முடியாது என்பது சம்மேளனத்தின் வழக்கமான சமாதானம். சர்வதேச விதிகளின்படி குறிப்பிட்ட நாட்களுக்கு வெளியே வீரர்களை விடுவிக்க வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால், பருவம் தொடங்கும் முன்பே கிளப்புகளுடன் அமர்ந்து பேசி, முகாமுக்கான நாட்களை அட்டவணையிலேயே ஒதுக்குவதை எந்த விதி தடுக்கிறது? கிளப்புகளும் அதே சம்மேளனத்தின் குடையின் கீழ் ஆடுபவைதானே?

கிரிக்கெட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்பது மற்றொரு சமாதானம். கொல்கத்தாவிலும் கொச்சியிலும் கோவாவிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் கால்பந்துக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ரசிகர்கள் கைவிடவில்லை. கைவிட்டவர்கள் தில்லியில் துவாரகாவில் உள்ள கால்பந்து மாளிகையில் இருக்கிறார்கள்.

1988 முதல் 2022 வரையிலான 34 ஆண்டுகளில் அந்தச் சம்மேளனத்துக்கு இரண்டே தலைவர்கள். காங்கிரஸைச் சேர்ந்த பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி 20 ஆண்டுகளும், தேசியவாத காங்கிரஸைச் சேர்ந்த பிரஃபுல் படேல் அவருக்குப் பிறகும் கோலோச்சினார்கள். படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்த பிறகும், வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டி அவர் தொடர்ந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகக் குழுவை நியமிக்க நேர்ந்தது. மூன்றாம் தரப்பின் தலையீடு என்று கூறி, அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவையே ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்று இறங்கியிருந்த கோகுலம் கேரளா அணியின் வீராங்கனைகள், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார்கள். நாற்காலிச் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் இல்லை.

இடைநீக்கம் விலக்கப்பட்டு 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில், முன்னாள் கோல் காப்பாளரும் பாஜக பிரமுகருமான கல்யாண் சௌபே, இந்திய அணியின் முன்னாள் தலைவர் பாய்ச்சுங் பூட்டியாவை 33-1 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்தார். ஒரு விளையாட்டு வீரர் தலைமைக்கு வந்துவிட்டார், இனி விடிவுகாலம் என்று பலரும் நம்பினார்கள். 2047-க்குள் ஆசியாவின் முதல் நான்கு நாடுகளில் ஒன்றாக இந்தியா விளங்கும் என்ற தொலைநோக்குத் திட்டமும் 2023 ஜனவரியில் ஆடம்பரமாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சம்மேளனத்தின் பொதுச் செயலர் நீக்கப்பட்டார். விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கட்சி மாறியது, நபர் மாறினார், நடைமுறை மாறவில்லை. எனவே இது ஒரு கட்சியின் மீதோ ஒரு தனிநபரின் மீதோ மட்டும் வைக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டல்ல. மாநிலச் சங்கங்களின் வாக்குகளைத் திரட்டத் தெரிந்தவருக்கே பதவி என்ற அமைப்பின் மீது வைக்கப்பட வேண்டியது. 33 வாக்குகளுக்குப் பதில் சொல்லும் ஒருவர், அணியின் தோல்விக்கு ஏன் பதில் சொல்லப் போகிறார்?

அலட்சியத்தின் உச்சத்தை 2025 காட்டியது. 2010 டிசம்பரில் 700 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுகளுக்கெனச் செய்யப்பட்ட வணிக உரிமை ஒப்பந்தம், 2025 டிசம்பர் 8-ஆம் தேதியுடன் முடிந்தது. என்று முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே தெரிந்த ஒன்று. ஆனாலும் மாற்று ஏற்பாடு இல்லை. ஜூலையில் லீக் போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. சென்னையின் எஃப்.சி. தனது செயல்பாடுகளைத் தாற்காலிகமாக நிறுத்தியது, பெங்களூரு எஃப்.சி. முதல் நிலை அணியினரின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சம்மேளனத்தின் விதிமுறைகள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் கைகள் கட்டப்பட்டிருந்தன என்று சொல்லப்பட்டது. தீர்ப்பு செப்டம்பர் 19-ஆம் தேதி வந்தது. அக்டோபரில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை.

சிங்கப்பூரிடமும் வங்கதேசத்திடமும் இந்தியா தோற்றது இந்த மாதங்களில்தான் என்பதை மறந்துவிடலாகாது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு லீக் ஆட்டம்கூட இல்லாத வீரர்கள், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடினார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாதவர்களிடம் நாட்டுப் பெருமையைக் காப்பாற்றுமாறு கேட்கப்பட்டது. 2026 ஜனவரித் தொடக்கத்தில், சுனில் சேத்ரி உள்ளிட்ட முன்னணி வீரர்கள் ஃபிஃபா தலையிட்டு இந்தியக் கால்பந்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்கள். தனது நாட்டுச் சம்மேளனத்தின் மீது நம்பிக்கை இழந்து வீரர்கள் வெளிநாட்டு அமைப்பிடம் முறையிடுவது, தோல்வியைவிடப் பெரிய அவமானம். அதன் பிறகே மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டு, பிப்ரவரி 14-ஆம் தேதி லீக் தொடங்கும் என்று அறிவித்தார்.

சேத்ரியின் நிலையே ஒரு பாடம். 2024 ஜூனில், 39 வயதில், கொல்கத்தாவில் கண்ணீருடன் விடைபெற்றவர் அவர். கோல் அடிக்க வேறு ஆள் இல்லாததால் 2025 மார்ச்சில், 40 வயதில், மீண்டும் அழைக்கப்பட்டார். அது அவருக்குப் பெருமை; நாட்டுக்கு அல்ல. முன்கள இடங்களில் கிளப்புகள் வெளிநாட்டு வீரர்களையே நம்பியிருக்க, உள்நாட்டு இளைஞர்கள் கோல் அடித்துப் பழகும் வாய்ப்பு சுருங்கிவிட்டது. இளம் வீரர்களுக்கு முதல்தர ஆட்டங்களில் இடம் தருவதற்காக 2010-இல் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஏரோஸ்' அணியும் 2022-இல் மூடப்பட்டது. அர்சேன் வெங்கர் வந்து புவனேசுவரத்தில் ஓர் அகாதெமியைத் தொடங்கிவைத்தது 2023 நவம்பரில். ஒரு துணைக்கண்டத்துக்கு ஓர் அகாதெமி போதுமா?

வழி இருக்கிறது என்பதை இந்தியர்களே காட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலை 5-ஆம் தேதி, தரவரிசையில் மேலே இருந்த தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்திய மகளிர் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்திய மகளிர் அங்கே நுழைந்தது அதுவே முதல் முறை. பெங்களூருவில் நடைபெற்ற நீண்ட முகாம் அந்த வெற்றிக்கு அடித்தளம். அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஆமதாபாதில் 17 வயதுக்கு உட்பட்ட இந்திய அணி ஈரானை 2-1 என்று வென்று ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 16 வயதில் ஈரானை வெல்லும் சிறுவர்கள் 24 வயதில் வங்கதேசத்திடம் தோற்கிறார்கள் என்றால், இடையில் உள்ள எட்டு ஆண்டுகளில் அவர்களை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

நான்கு கோடிக்கும் குறைவான மக்களைக் கொண்ட உஸ்பெகிஸ்தான், அந்த இடைவெளியைப் பாலமிட்டு நிரப்பியது. 2023-இல் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியக் கோப்பையை வென்றது. 2024-இல் ஒலிம்பிக்கில் ஆடியது. 2025-இல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அங்கே மந்திரம் எதுவும் இல்லை. சிறுவனாகக் கண்டெடுத்தவனைக் கைவிடாமல் வளர்த்தார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, தேசிய அணியின் முகாம் நாட்களை உள்ளடக்கிய அட்டவணை பருவம் தொடங்கும் முன்பே கிளப்புகளின் ஒப்புதலுடன் வெளியிடப்பட வேண்டும்; யாருக்காகவும் அது திருத்தப்படக் கூடாது. இரண்டாவதாக, ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஆண்டு முழுவதும் நடைபெறும் மாவட்ட லீக் போட்டிகளை நடத்தாத மாநிலச் சங்கத்துக்கு நிதியும் இல்லை, வாக்கும் இல்லை என்ற நிலை வர வேண்டும். மூன்றாவதாக, பயிற்சியாளர் நியமனத்தின் காரணங்களும் ஒப்பந்த நிபந்தனைகளும் பகிரங்கமாக வேண்டும். தவறான நியமனத்துக்கு அதைச் செய்த குழு பதில் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கான சட்ட வாய்ப்பும் உருவாகியிருக்கிறது. முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்து, உச்ச நீதிமன்றம் சில மாற்றங்களுடன் ஏற்ற விதிமுறைகள், முன்னாள் வீரர்களுக்கும் பொதுக்குழுவில் இடம் தருகின்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களைக் கண்காணிக்க வாரியத்தையும் வழக்குகளை விசாரிக்கத் தீர்ப்பாயத்தையும் வகுத்திருக்கிறது. 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்தின் பதவிக்காலம் 2026 செப்டம்பரில் முடிவதைக் கருதியே, உடனடி மறுதேர்தல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் விட்டுவைத்தது. புதிய விதிகளின் கீழ் அமையும் நிர்வாகம் பழைய வாக்கு வங்கியின் மறுபதிப்பாக இருந்துவிடக் கூடாது. அதை உறுதிசெய்யும் கடமை மத்திய அரசுக்கும், கட்சி வேறுபாடின்றி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உண்டு.

தோற்ற பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவதும், அவரை அழைத்துவந்தவர் அடுத்தவரை வரவேற்க மாலையுடன் நிற்பதும் இனியும் தொடருமானால், தரவரிசையில் இன்னும் கீழே இறங்குவதற்கு இடம் நிறையவே இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் தோற்றால் அணியில் மாற்றம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தோற்றால் மாற்றம் தேவைப்படுவது நிர்வாகத்தில்தான்.